தவறணையும் மக்கள் கருத்தும்: கொம்பனித்தெருவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றாசிரியர்கள் கோட்டையையும் கோயிலையும் கல்லூரியையும் ஆராய்ந்த அளவுக்குத் தவறணையை ஆராய்ந்தாரல்லர். குடிப்பழக்கம் ஒழுக்கவியலாருக்கும் மருத்துவருக்கும் உரிய பொருள் என்றும், வரலாற்றுக்கு அதில் வேலையில்லை என்றும் கருதப்பட்டமை இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்ற அரசினது வருமானத்தைத் தாங்கிய தூண்களுள் சாராயம் ஒன்று. இலங்கை முதலாளி வகுப்பின் தோற்றத்துக்கு மூலதனம் அளித்த துறைகளுள் சாராயக் குத்தகை ஒன்று. தேசிய இயக்கத்தின் முதற் பயிற்சிக் களங்களுள் மது ஒழிப்பு இயக்கம் ஒன்று. இம்மூன்றுக்கும் அடிநிலையாக நின்றவன், உழைத்த கூலியிற் சில காசுகளைத் தவறணைப் பலகையில் வைத்த வாடிக்கையாளனே. அரசு அவனிடமிருந்து வரி பெற்றது. குத்தகைகாரர் அவனிடமிருந்து இலாபம் பெற்றனர். சீர்திருத்தவாதிகள் அவனைத் திருத்த முற்பட்டனர். தவறணையைப் பற்றி அவன் கொண்டிருந்த கருத்து யாது என்ற வினா மட்டும் இவர்களுள் எவருக்கும் முதன்மையானதாகத் தோன்றவில்லை. அக்கருத்து எவ்வெவ் வழிகளில் வெளிப்பட்டது, எவ்வெவ் வழிகளில் மறைக்கப்பட்டது என்பதைக் கொழும்பின் கொம்பனித்தெருவை முன்னிறுத்தி நோக்குவது பயன்தரும்.

இலக்கியத்திற் குடிப்போர் குரல்

தமிழிலக்கிய மரபை அறிந்தோருக்குக் குடிப்பவனின் குரல் புதியதன்று. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் நகரத்துக் கொடிகளைப் பாடுமிடத்துக் கள் விற்குமிடத்துக் கொடியையும் ஏனைய கொடிகளோடு ஒருங்கு வைத்தே பாடுகின்றன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள கையறுநிலைச் செய்யுள், சிறிதளவு கள் கிடைத்தபோதும் பெருமளவு கிடைத்தபோதும் அவன் அதனைத் தம்மோடு பகிர்ந்துகொண்ட விதத்தை நினைவுகூர்கின்றது. அங்கே கள் உறவின் அளவுகோலாகின்றது. அதனைச் சொல்பவரும் உண்டவரே. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில் நிலை மாறுகின்றது. அங்கே உண்பவன் பேசுவதில்லை. அவனைப் பற்றி அறநூலார் பேசுகின்றார். அவனைக் காணும் தாயும் சான்றோரும் சாட்சிகளாகின்றனர்.

இவ்விரு நிலைகளுள் எது உயர்ந்தது என்பது இங்கு வினாவன்று. ஒரு பொருளைப் பற்றிய சான்று யார் வாயிலாக நம்மை வந்தடைகின்றது என்பதே வினா. குடியேற்ற ஆட்சிக் காலத்து இலங்கையிற் குடிப்பவன் பெரும்பாலும் பேசப்படுபவனாகவே இருந்தான். பேசுபவனாக இருந்தது அரிது.

கொம்பனித்தெருவின் அமைப்பு

தவறணை என்னும் சொல் போர்த்துக்கேயரின் 'தவெர்னா' என்னும் சொல்லின் வழிவந்தது. சிங்களத்தில் வழங்கும் 'தெபேரும' என்ற சொல்லும் அதே மூலத்தையுடையது. சொல்லின் வரவே இந்நிறுவனத்தின் வரவையும் காட்டும். தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இந்நாட்டுக்குப் பழையவை. உரிமம் பெற்று, எல்லை வகுக்கப்பட்டு, அரசுக்கு வருமானம் ஈட்டித்தரும் விற்பனை நிலையம் என்ற வகையில் தவறணை மேலைத்தேயத்தார் ஆட்சியின் விளைவாகும்.

கொம்பனித்தெரு கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே, பேரை வாவியை அடுத்து அமைந்தது. ஒல்லாந்தர் தம் வர்த்தகக் கம்பனியின் அடிமைகளை இவ்விடத்தில் அடைத்துவைத்தனர். 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் இதன் வழி வந்தது. தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் 'கம்பனி' என்னும் சொல்லை உள்ளடக்கியவை. அது வர்த்தகக் கம்பனியைக் குறித்ததெனச் சிலரும், இங்குத் தங்கியிருந்த மலாயர் படைப்பிரிவைக் குறித்ததெனச் சிலரும் கூறுவர். பிரித்தானியர் காலத்தில் இலங்கை றைபிள் படையணியைச் சேர்ந்த மலாயப் போர்வீரர் இங்கு வாழ்ந்தனர். 1873இல் அப்படையணி கலைக்கப்பட்ட பின்னரும் அவர்தம் குடும்பங்கள் இங்கேயே தங்கின. றைபிள் வீதி, மலே வீதி, யாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் அவ்வரலாற்றின் எச்சங்களாகும். கியூ வீதி என்னும் பெயர், 1810களின் தொடக்கத்தில் இங்குச் சில காலம் இருந்த தாவரவியற் பூங்காவை நினைவூட்டும்.

கோப்பிப் பயிர்ச்செய்கை வளர்ந்தபோது இப்பகுதியின் தன்மை மாறியது. வாவிக்கரையிற் பண்டசாலைகளும் கோப்பி பதனிடும் நிலையங்களும் எந்திரத் தொழிலகங்களும் எழுந்தன. கொழும்பு வர்த்தகக் கம்பனியின் தொழிலகங்களும், 1860களிற் பனிக்கட்டி உற்பத்தியுடன் தொடங்கிப் பின்னாளில் 'எலிபன்ட் ஹவுஸ்' எனப் பெயர்பெற்ற நிறுவனமும் இப்பகுதியில் நிலைகொண்டன. 1870களிற் கரையோரப் புகையிரதப் பாதை கொம்பனித்தெருவினூடாகத் தெற்கு நோக்கிச் சென்றது. மலாயர், சோனகர், சிங்களவர், இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், பறங்கியர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பாக இது உருப்பெற்றது. பள்ளிவாசலும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் கிறித்தவ ஆலயமும் விகாரையும் சில நிமிட நடைத் தூரத்துள் அமைந்திருப்பது இன்றும் இவ்வூரின் இயல்பு.

படைவீரர், ஆலைத் தொழிலாளர், வண்டிக்காரர், புகையிரதப் பயணிகள் ஆகியோர் ஒருங்கு கூடுமிடம் மது வணிகத்துக்கு வாய்ப்பானது. இவர்களுள் மதத்தின் கட்டளையால் மதுவை விலக்கியோர் பலர். குடியைத் தனியோரினத்தின் பழக்கமாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒடுங்கிய குடியிருப்பு, கடும் உடலுழைப்பு, குடும்பத்தைப் பிரிந்த வாழ்வு ஆகியவையே பெருநகரங்களில் தவறணையை வளர்த்த பொதுக் காரணிகளாகும்.

ஏலத்தின் மொழி

தவறணை வாடிக்கையாளரைப் பற்றி முதன்முதலில் அக்கறையுடன் மதிப்பிட்டவர் சாராயக் குத்தகைகாரரே. ஒல்லாந்தர் தொடக்கிய குத்தகை முறையைப் பிரித்தானியர் தொடர்ந்தனர். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சாராய வடிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தியது. ஒரு மாவட்டத்தில் அல்லது பிரிவிற் சாராயம் விற்கும் தனியுரிமை குறித்த காலத்துக்கு ஏலத்தில் விடப்பட்டது. உரிமை பெற்றவர் அதனைக் கீழ்க்குத்தகைகாரருக்குப் பகிர்ந்தளித்தார். அவருக்குக் கீழே தவறணை நடத்துவோர் இருந்தனர்.

இம்முறையில் ஏலத்தொகை என்பது ஓர் ஊகக் கணக்கு. அடுத்த ஆண்டில் இத்தெருக்களில் வாழ்வோர் எவ்வளவு குடிப்பர் என்பதைக் குத்தகைகாரர் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். கோப்பி விலை உயர்ந்தால் கூலி பெருகும், கூலி பெருகினாற் சாராயம் ஓடும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தவறாக மதிப்பிட்டவர் நட்டமடைந்தார். எனவே வாடிக்கையாளரின் நாட்டத்தை எண்ணாக மாற்றிய முதற் கருவி கச்சேரியில் நடந்த ஏலமே எனலாம். ஆனால் அவ்வெண் அவனது தாகத்தை மட்டும் அளந்தது. அவனது மனநிறைவையோ மனக்குறையையோ அளக்கவில்லை.

அவனுக்கு மனக்குறை இருந்தது. தனியுரிமை என்பதன் பொருள், அருகில் வேறொரு கடைக்குச் செல்ல அவனால் இயலாது என்பதாகும். ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்ட குத்தகைகாரர், கட்டுப்படுத்தப்பட்ட விலையில் விற்று அத்தொகையை மீட்பது அரிது. எனவே நீர் கலத்தலும் அளவு குறைத்தலும் உரிய நேரத்துக்குப் பின் விற்றலும் இவ்வணிகத்தின் நிலையான குற்றச்சாட்டுகளாயின. காசு கொடுத்தவன் ஏமாற்றப்பட்டான்; மாற்றுக் கடை இல்லாதபோது அவனது முறையீட்டுக்கு வணிக வலிமை இல்லை. அவனுக்கு எஞ்சிய வழி சட்டத்துக்குப் புறம்பான சாராயமே. அவ்வழியிற் சென்றவன் அரசின் பதிவேட்டில் அதிருப்தியுற்ற வாடிக்கையாளனாக அன்றிக் குற்றவாளியாகவே இடம்பெற்றான்.

படையினர் நிலை சற்று வேறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் படைவீரருக்குச் சாராயத்தை நாள்தோறும் பங்கிட்டு வழங்கும் வழக்கம் இருந்தது. அக்காலத்தில் இலங்கையிற் படை மருத்துவராகப் பணியாற்றிய ஹென்றி மார்ஷல், படையினரிடையே மதுவினால் விளைந்த கேட்டைப் பிற்காலத்தில் வன்மையாக எழுதினார். குடிக்கும் பழக்கத்தைப் படைவீரன் தானே தேடிக்கொண்டான் என்ற எளிய கூற்றை அவ்வழக்கமே மறுக்கின்றது. கொடுத்த கையே பின்னர் கண்டித்த கையாகவும் ஆனமை குடியேற்ற மதுக் கொள்கையின் அடிப்படை முரண்பாடாகும்.

அக்காசு சென்ற இடமும் நோக்கத்தக்கது. மைக்கல் றொபேட்ஸ், பற்றிக் பீபிள்ஸ், குமாரி ஜயவர்த்தன முதலிய ஆய்வாளர்கள், தாழ்நாட்டுச் சிங்களச் செல்வக் குடும்பங்கள் பலவற்றின் மூலதனத்திற் சாராயக் குத்தகைக்கு இருந்த இடத்தை விளக்கியுள்ளனர். குத்தகை இலாபம் கோப்பித் தோட்டங்களாகவும் காரீயச் சுரங்கங்களாகவும் நகரக் கட்டடங்களாகவும் மாறியது. சாராயக் குத்தகை, கோப்பி, காணி ஆகியவற்றாற் செல்வம் பெற்ற மொறட்டுவைச் சொய்சாக் குடும்பத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் பெயரைத் தாங்கிய பழைய கட்டடத் தொகுதி கொம்பனித்தெருவிலேயே இருந்தது. மொறட்டுவைக் கல்லூரிகளையும், 1879இல் திறக்கப்பட்ட கொழும்பு மகப்பேற்று மருத்துவமனையையும் நாட்டுக்கு அளித்தவர் அவர். தவறணைகளிற் சேர்ந்த காசின் ஒரு பகுதி கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் மக்களிடம் திரும்பியதென்று கொள்ளலாம். கொடையாளர் பெயர் கல்வெட்டிற் பொறிக்கப்பட்டது. காசு கொடுத்த கூலியாளன் பெயரில்லாதவனாகவே மறைந்தான்.

மேடையும் சத்தியமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குடிப்பவனைப் பற்றிப் பேசும் உரிமையைச் சீர்திருத்தவாதிகள் ஏற்றனர். கிறித்தவ மிசனரிமார் முன்னரே தொடங்கிய மதுவிலக்குப் பிரசாரம், 1904ஆம் ஆண்டளவிற் பௌத்த மறுமலர்ச்சியோடு இணைந்து தாழ்நாட்டுக் கிராமங்களில் வெகுசன இயக்கமாகியது. மக்கள் திரளாகக் கூடிக் குடிப்பதில்லை எனச் சத்தியம் செய்தனர், தவறணைகள் புறக்கணிக்கப்பட்டன.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இரண்டாம் அலையைத் தோற்றுவித்தது. அது பழைய குத்தகை முறைக்கு முடிவுகட்டியது. மதுவரித் திணைக்களத்தின் மேற்பார்வையைக் கொணர்ந்தது. கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்றும் பிரித்தது. நிருவாக நோக்கில் இது சீர்திருத்தம். மக்கள் நோக்கிலோ, சாராயக் கடை இருந்த ஊர்களிற் கள்ளுக்கடையும் தனியாகத் தோன்றியதே கண்கூடான விளைவு. ஊர்தோறும் கண்டனக் கூட்டங்கள் நடைபெற்றன. டீ. பீ. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டீ. எஸ். சேனநாயக்க முதலியோர் மது ஒழிப்பு இயக்கத்தின் வாயிலாகப் பொதுவாழ்வில் முன்னணிக்கு வந்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இவ்வியக்கத் தலைவர்களை அரசு சிறையிட்டதும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காகக் குரல்கொடுத்ததும் நன்கறியப்பட்டவை. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மதுவிலக்கை வற்புறுத்தினார்.

இவ்வியக்கத்தின் நன்மையை மறுத்தற்கில்லை. குடியினாற் சிதைந்த குடும்பங்களின் துயர் உண்மையானது. அதனைப் பொதுமேடைக்குக் கொணர்ந்த பெருமை இயக்கத்துக்குரியது. குடிப்பவனின் மனைவியும் பிள்ளைகளும் தவறணையின் உள்ளே காலெடுத்து வையாமலே அதன் விலையைச் செலுத்தியவர்கள். தவறணையைப் பற்றிய மக்கள் கருத்து என்று நாம் கூறுமிடத்து, அவர்கள் கருத்தையும் உள்ளடக்கியே கூறவேண்டும். அதே வேளை, இயக்கத்தின் தலைமை பெரும்பாலும் செல்வர்களிடமும் கற்றவர்களிடமும் இருந்தது. சாராயக் குத்தகையாற் பொருளீட்டிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் சிலர் அம்மேடைகளில் அமர்ந்திருந்ததைக் குமாரி ஜயவர்த்தன சுட்டியுள்ளார். செல்வர் மன்றங்களிலும் விடுதிகளிலும் அருந்தப்பட்ட விசுக்கியும் பிராந்தியும் கூலியாளனின் கள்ளைப்போன்று கடுமையாகக் கண்டிக்கப்படவில்லை.

சத்தியம் செய்த குடியானவன் இங்குக் கவனத்துக்குரியவன். அவன் தலைவர்களின் சொற்படி ஆடிய பாவை அல்லன். 1904இலும் 1912இலும் தவறணைக்குச் செல்லாது நின்றவர்களுள் நேற்றுவரை அங்குச் சென்றவர்களும் இருந்தனர். தவறணையின் மீது வாடிக்கையாளர் தீர்ப்புக் கூறக்கூடிய தெளிவான முறை அங்கே போகாதிருத்தலே. அவ்வகையிற் புறக்கணிப்பு என்பது வாடிக்கையாளர் கருத்து முதன்முதலாகக் கூட்டாக வெளிப்பட்ட தருணமாகும். அக்கருத்துக்கு அரசு அஞ்சியது. வருமானக் குறைவு ஒரு காரணம். கூடிச் சத்தியம் செய்யக் கற்ற மக்கள் வேறு கோரிக்கைகளுக்காகவும் கூடுவர் என்பது மற்றொன்று.

வாக்குச்சீட்டும் வராதவர் கருத்தும்

தவறணை வேண்டுமா, வேண்டாமா என மக்களிடமே கேட்கும் முறை, மது ஒழிப்பாளரின் நெடுங்காலக் கோரிக்கையின் பயனாக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்த் தெரிவுரிமை எனப்பட்ட இம்முறைப்படி, ஒரு பகுதியில் வாழ்வோர் வாக்களித்து அங்குள்ள தவறணையை மூடச் செய்யலாம். இது இலங்கைக்கு மட்டும் உரிய முறையன்று. ஸ்கொத்லாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1920 முதல் இத்தகைய வாக்கெடுப்புகள் நடைபெற்றன. அங்கு மது விற்பனையை முற்றாக நிறுத்துவதற்கு, வாக்களித்தோருள் 55 விழுக்காட்டினரும், அதே வேளை பதிவுபெற்ற வாக்காளருள் 35 விழுக்காட்டினரும் ஆதரவளிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நிபந்தனை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இலங்கையிலும், வந்து வாக்களித்தோருள் பெரும்பான்மை பெறுவது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பதிவுபெற்றோர் தொகையில் மிக உயர்ந்த பங்கினர் மூடுமாறு வாக்களிக்க வேண்டுமென்று முதலில் விதிக்கப்பட்டது. மது ஒழிப்பாளரின் வற்புறுத்தலாற் பின்னர் அது தளர்த்தப்பட்டது. இத்தகைய விதியின் கீழ் வீட்டில் இருந்துவிட்டவனும் தவறணையைக் காத்தவனாகின்றான். தவறணைக்கு ஆதரவாகப் பகிரங்கமாகப் பேசுவது எவருக்கும் மதிப்பளிப்பதன்று. மேடையேறி 'எனக்குத் தவறணை வேண்டும்' என்று கூறும் துணிவு கூலியாளனுக்கு இருக்கவும் இயலாது. ஆனால் வாக்களிக்கச் செல்லாதிருக்க அவனால் இயலும்.

இம்மௌனத்தை எவ்வாறு வாசிப்பது? வராதவர் அனைவரும் தவறணையை விரும்பினர் என்று கொள்வது தவறு. வேலைநேரம், அச்சம், அசட்டை ஆகியவையும் மனிதரைத் தடுப்பன. வராதவர் அனைவரும் கருத்தற்றோர் என்று கொள்வதும் அதே அளவு தவறாகும். இதனோடு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வாக்கு அப்பகுதியில் வாழ்வோருக்கு உரியது. கொம்பனித்தெரு போன்ற தொழிற்பகுதியில், பகலெல்லாம் உழைத்து மாலையிற் புகையிரதமேறிச் செல்பவன் தவறணையின் வாடிக்கையாளனாக இருக்கலாம். அவ்வூர் வாக்காளனாக இருக்கமாட்டான். அவ்வூரிலே வாழும் பெண் தவறணைக்கு முன்னால் நாள்தோறும் நடந்து செல்பவளாக இருக்கலாம். அதன் வாடிக்கையாளராக இருக்கமாட்டாள். 1931இற் சர்வசன வாக்குரிமை கிட்டும்வரை நாட்டின் சட்டசபைத் தேர்தலிலும் அவளுக்கு வாக்கு இல்லை. அயலவர் கருத்தும் வாடிக்கையாளர் கருத்தும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டு எண்ணியமை உள்ளூர்த் தெரிவுரிமையின் சிறப்பும் குறையுமாகும்.

கேட்டறியும் முயற்சிகள்

குடிப்பவனிடமே சென்று கேட்பது இயலாததன்று என்பதற்கு வெளிநாட்டுச் சான்றொன்று உண்டு. 1937இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட 'மாஸ் ஒப்சர்வேஷன்' என்னும் ஆய்வியக்கத்தினர், போல்ற்றன் என்னும் ஆலைநகரத்து மதுச்சாலைகளில் அமர்ந்து, அங்கு வருவோர் எவ்வளவு குடித்தனர், எவ்வளவு வேகமாகக் குடித்தனர், என்ன பேசினர் என்பவற்றையெல்லாம் குறித்தனர். 1943இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, மதுச்சாலை வெறும் மது விற்குமிடமன்று. உழைக்கும் மக்கள் பேசவும் விளையாடவும் சங்கங்கள் நடத்தவும் கூடும் இடம் என்பதைக் காட்டியது. ஒரு குழுவில் அமர்ந்தோர் தம் கிண்ணங்களை ஏறத்தாழ ஒரே வேளையிற் காலிசெய்தனர் என்ற அவதானிப்பு, குடித்தல் தனிமனிதச் செயல் என்பதினும் கூட்டுச் செயல் என்பதை உணர்த்தும்.

தமிழகத்திலும் இதனையொத்த முயற்சி ஒன்று நிகழ்ந்தது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அதன் பொருளியல் விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் பி. ஜே. தோமஸ் ஆராய்ந்தார். மிச்சமான காசு உணவாகவும் உடையாகவும் கடனடைப்பாகவும் மாறியதா என்பது அவ்வாய்வின் அக்கறை. போல்ற்றன் ஆய்வு தவறணையின் உள்ளே நின்று நோக்கியது. சேலம் ஆய்வு குடிப்பவனின் வீட்டிலிருந்து நோக்கியது. தவறணையைப் பற்றிய முழுக் கருத்தை அறிய இவ்விரு நோக்குகளும் வேண்டும். இலங்கையின் மதுவரி நிருவாக அறிக்கைகளோ கடைகளையும் கலன்களையும் வருமானத்தையும் வழக்குகளையுமே பெரிதும் எண்ணின. எண்ணப்பட்டவை பதிவாயின. எண்ணப்படாதவை செவிவழிச் செய்திகளாக அழிந்தன.

அழிவு சில வேளைகளிற் பௌதிக அழிவாகவும் நிகழ்ந்தது. கொம்பனித்தெருவில் தமிழ்க் குடும்பம் ஒன்று எழுப்பிய றியோ திரையரங்கும் விடுதியும் 1983 யூலை வன்செயலில் தீக்கிரையாயின. மாலை வேளையிற் பல இனத்தவரும் கூடிய இடம் எரிந்தபோது கட்டடம் மட்டும் எரியவில்லை. அங்கு நிகழ்ந்த உரையாடலின் தொடர்ச்சியும் அறுந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் நகரப் புத்தாக்கத்தின் பெயராற் பழைய தெருக்கள் பல இடிக்கப்பட்டு உயர்மாடிகள் எழுந்தபோது, பழைய மதுச்சாலைகள் சிலவும் அவற்றின் அன்றாட வாடிக்கையாளரும் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. ஓர் ஊரின் குடியிருப்பாளரை அகற்றும்போது இழப்பீட்டுக் கணக்கில் வீடும் கடையும் இடம்பெறும். கூடிப் பேசிய மாலைப் பொழுது இடம்பெறுவதில்லை.

அண்மைக்கால நிகழ்வு ஒன்று

வாடிக்கையாளர் யார் என்பதை அரசே வரையறுக்கும் போக்கு குடியேற்ற ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1992இல் அது தனியார்மயமாக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கீழ் 1979இல் வெளியான அறிவித்தல் ஒன்று, தவறணை எல்லைக்குள் பெண்ணுக்கு மது விற்பதையும் கொடுப்பதையும் தடைசெய்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறுமாறு பணித்தார். தடையை எதிர்த்துப் பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

அவர்களது வழக்கின் பொருள் மதுவின் நன்மை தீமை பற்றியதன்று. வயதுவந்த குடியாளர் ஒருவர் எதனை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்போது அவரது பால் ஓர் அளவுகோலாகலாமா என்பதே வினா. நூறாண்டுகளுக்கு முன்னர் கூலியாளனைப் பற்றி எழுந்த அதே வினா வேறு வடிவத்தில் மீண்டும் எழுந்தது. ஒருவரது நன்மைக்காக என்று கூறப்படும் கட்டுப்பாட்டில் அவரது கருத்துக்கு இடமுண்டா?

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, தவறணை வாடிக்கையாளர் கருத்தற்றவராக இருந்ததில்லை. மாற்றுக் கடையைத் தேடியும், சத்தியம் செய்து விலகியும், வாக்களிக்கச் செல்லாதிருந்தும் அவர்கள் தம் கருத்தைப் புலப்படுத்தினர். இரண்டாவது, அக்கருத்தை அளந்த கருவிகள் அனைத்தும் பிறர் தேவைக்காக அமைக்கப்பட்டவை. ஏலம் வருமானத்துக்காகவும், சத்தியம் இயக்கத்துக்காகவும், வாக்கெடுப்பு அயலவர் அமைதிக்காகவும் அமைந்தன. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு கூறைத் தந்தது. எதுவும் முழுமையைத் தரவில்லை. மூன்றாவது, குடிப்பவனைக் கேளாது வகுக்கப்பட்ட கொள்கை அவனைத் திருத்தவும் பெரிதும் தவறியது. குத்தகைக் காலத்துக் கள்ளச் சாராயம் முதல் பிற்காலத்துக் கசிப்பு வரை சட்டவிரோத மது நின்று நிலைத்தமை இதனை உணர்த்தும்.

தவறணையைப் போற்றுதல் வரலாற்று மாணவரின் பணியன்று. அது விளைத்த கேட்டை மறைத்தலும் அவர் பணியன்று. கொம்பனித்தெரு போன்ற ஊர்களில் முதியோர் பலர் இன்னும் வாழ்கின்றனர். தவறணைக்குச் சென்றவரும், சென்றவருக்காக இரவு நெடுநேரம் விழித்திருந்தவரும் அவர்களுள் உள்ளனர். பல்கலைக்கழக மாணவர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் கொண்டு அவர்களை அணுகுதல் அரிதன்று. அரசின் ஆவணங்களைத் திறக்க நாம் காட்டும் முயற்சியை அவர்கள் வாயைத் திறக்கவும் காட்டுதல் வேண்டும். ஆவணங்கள் காத்திருக்கும், மனிதர் காத்திருப்பதில்லை.